ஓடுவது நீங்கள், உட்கார்ந்திருப்பது குழந்தை

வந்த கேள்வி இது: "என் பெண்ணுக்கு நாலரை மாதம் ஆகிறது. கர்ப்பமாவதற்கு முன்பு வாரத்தில் நாலு நாள் ஓடுவேன். அக்கா வீட்டில் சும்மா கிடந்த ஜாகிங் ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுகிற வண்டி) இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இவளை அதில் உட்காரவைத்து எப்போதிலிருந்து ஓடலாம்? தலை குலுங்கி மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?"

இப்போது வேண்டாம். இன்னும் ஒன்றரை மாதமாவது பொறுங்கள். மூன்று மாதம் பொறுத்தாலும் நஷ்டமில்லை. அதுவரை அந்த வண்டியின் சீட் நன்றாகப் பின்னால் சாயுமானால், அதில் படுக்கவைத்து நடக்கலாம். வேகமாகக்கூட நடக்கலாம். ஓட்டம் மட்டும் கூடாது.

நான் இரண்டு பிள்ளைகளை இப்படித் தள்ளிக்கொண்டு ஐந்தாறு வருடம் ஓடியவன். எங்கள் ஓட்டக் குழுவில் யாராவது வண்டி வாங்கினால் முதலில் என்னிடம்தான் உருட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்தவரையில், இதில் நடக்கிற தப்புகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் பிறக்கின்றன. ஓடுகிறவர் தன் உடம்பை வைத்துக் குழந்தையின் உடம்பை அளக்கிறார். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது அவளுக்குக் குளிரும். உங்கள் ஷூவுக்குச் சமமாகத் தெரிகிற பாதை அவளுக்குத் தடதடக்கும். நீங்கள் இன்னும் நடைபாதையில் இருப்பீர்கள், அவள் கால் ரோட்டுக்குள் போயிருக்கும். கீழே சொல்லப்போவதில் பாதி இதன் கிளைகள்தான்.

வயதிலிருந்து தொடங்குவோம். ஜாகிங் ஸ்ட்ரோலர் கையேடுகளில் ஓட்டத்துக்குக் குறைந்தபட்சம் 6 மாதம் என்றோ 8 மாதம் என்றோ பெரும்பாலும் போட்டிருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் எது இருக்கிறதோ அதற்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அந்தத் தேதி வந்ததும் குழந்தை தானாகத் தயாராகிவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் பருவம் 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை நீள்கிறது. அத்தனையும் ஆரோக்கியமான குழந்தைகள்தான். ஆகவே "ஆறு மாதம் ஆயிற்றா" என்று கேட்பதோடு, "தலை நன்றாக நின்றுவிட்டதா, முட்டுக் கொடுக்காமல் உட்காருகிறாளா" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால்தான் ஓட்டம். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால், பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டு கையையும் பிடித்து மெல்ல எழுப்பி உட்காரவைத்து, தலை பின்னால் தொங்குகிறதா, உடம்போடு சேர்ந்து வருகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்.

உங்கள் அம்மாவின் பயத்தில் ஒரு பாதி தேவையில்லாதது, மறு பாதி நியாயமானது. குழந்தையைப் பிடித்து ஆவேசமாக உலுக்குவதால் மூளைக்குள் இரத்தம் கசிகிற கொடுமையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார். அது வன்முறையான உலுக்கலால் வருவது, தலை சாட்டை போல முன்னும் பின்னும் வீசப்படுவதால் வருவது. மடியில் வைத்துக் குதிக்கவைப்பதாலோ, குழந்தையோடு ஓடுவதாலோ அது வருவதில்லை என்று மருத்துவர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதில் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

நியாயமான பாதி வேறு. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடம்பின் நீளத்தில் கால் பங்கு இருக்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையை, இன்னும் வலுவேறாத கழுத்து இருபது நிமிடம் தாங்க வேண்டும், அதுவும் நிற்காமல் அதிர்கிற இருக்கையில். களைத்ததும் தலை முன்னால் சரியும், தாடை மார்பில் முட்டும். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, வளைந்த உறிஞ்சுகுழல் போல அடைபட்டுவிடும். இதில் கத்தலோ திமிறலோ இருக்காது, சத்தமில்லாமலே நடக்கும். நான் அதிகம் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். இதனால்தான் கார் சீட்டை ஸ்ட்ரோலரில் பொருத்தி ஓடக்கூடாது என்பதும். அந்த இணைப்பு நடப்பதற்கு மட்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். அதில் வைத்தால் பாரம் உயரே போய், திருப்பத்தில் வண்டி சாயவும் வழியாகிவிடும்.

அவள் ஓட்டத்தின் நடுவே தூங்கிப்போவாள். எல்லாக் குழந்தைகளும் தூங்கும், வண்டியின் தாலாட்டு அப்படி. தூங்கியதும் நின்று, சீட்டைக் கையேடு ஓட்டத்துக்கு அனுமதிக்கிற அளவுக்குச் சாய்த்து, தாடைக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் தலை முன்னால் விழுந்துகொண்டே இருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, நடந்தே வீட்டுக்கு வாருங்கள். வண்டி மேல்மூடியில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். அதைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஜன்னல் வழியே தெரிவது உச்சந்தலைதான், முகம் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று முன்பக்கம் போய் முகத்தைப் பாருங்கள்.

இனி வண்டி. முதல் வேலை, அது நிஜமாகவே ஓட்டத்துக்கான வண்டியா என்று உறுதி செய்வது. மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஜாகிங் ஸ்ட்ரோலர் ஆகிவிடாது. தோற்றத்துக்காக மூன்று சக்கரம் வைத்தவை நிறைய உண்டு. ஐரோப்பியத் தரவிதியான இ.என் 1888-ன்படி செய்யப்படும் சாதாரண ஸ்ட்ரோலர்களில் "ஓடுவதற்கோ ஸ்கேட்டிங் செய்வதற்கோ ஏற்றதல்ல" என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளையும் கையேட்டையும் தேடிப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் தளத்தில் கிடைத்துவிடும்.

நிஜமான ஓட்ட வண்டிக்கு அடையாளம்: சைக்கிள் சக்கரம் மாதிரி பெரிய, காற்றடித்த டயர்கள் (12 அங்குலமாவது, பின்னால் 16 அங்குலம் இருந்தால் நல்லது), பின்சக்கரத்தில் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன், பூட்டக்கூடிய முன்சக்கரம், ஐந்து முனை பெல்ட் (இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று), வண்டியை உங்கள் கையோடு பிணைக்கிற மணிக்கட்டுப் பட்டை. கைப்பிடியில் பிடிக்கிற பிரேக் இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். இந்த வண்டியே சைக்கிளுக்குப் பிறந்த பிள்ளைதான். 1984-ல் அமெரிக்காவில் ஃபில் பேச்லர் என்ற பத்திரிகைக்காரர், மகனோடு ஓட வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களை மாட்டியதில் ஆரம்பித்தது. சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும், பெரிய சக்கரம் அதைத் தாண்டிப் போய்விடும்.

அக்கா வீட்டு வண்டி என்கிறீர்கள். பழைய வண்டியில் நான் முதலில் கை வைப்பது முன்சக்கரத்தில். பல மாடல்களில் சைக்கிள் போலவே குவிக் ரிலீஸ் லீவர் இருக்கும், சக்கரத்தைக் கழற்றிக் காரில் ஏற்றுவதற்காக. அது சரியாக மூடப்படாமல் இருந்து, ஓடும்போது சக்கரம் கழன்றால் வண்டியின் மூக்கு தரையில் குத்தி நிற்கும், நீங்கள் அதன்மேல் விழுவீர்கள். இது கற்பனை இல்லை. 2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பாப் என்ற பெயரில் விற்ற ஏறத்தாழ 5 லட்சம் ஜாகிங் ஸ்ட்ரோலர்களை முன்வைத்து பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது, காரணம் இந்த முன்சக்கரம்தான். சொன்னபடி மூடினால் வண்டியில் குறையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அதே ஆண்டு நவம்பரில் உடன்பாடு ஆனது. லீவரை எப்படி மூடுவது என்ற விளக்கப் படமும், விரும்புகிறவர்களுக்கு மாற்றுப் பாகமும் தருவதாக ஏற்பாடு. உங்கள் மாடலுக்கு இப்படித் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பெயரையும் தயாரித்த ஆண்டையும் போட்டுத் தேடிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

லீவரை மூடுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பத்தில் ஏழு பேர் தப்பாகத்தான் செய்கிறார்கள். அதை நட்டு போல நினைத்துச் சுற்றிச் சுற்றித் திருகுகிறார்கள். திருகுவது லீவருக்கு எதிர்ப்பக்கத்து நட்டை அளவாக வைப்பதற்கு மட்டும். பூட்டுவது லீவரை மடக்குவதால்தான். லீவரை நேராக வெளிப்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். அங்கிருந்து மடக்கத் தொடங்கும்போதே எதிர்ப்பு தெரிய வேண்டும். முழுக்க மடக்கி முடிக்கும்போது உள்ளங்கையில் லீவரின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்க வேண்டும். தடமே விழாமல் லேசாக மூடிக்கொண்டால், திறந்து, நட்டை அரைச் சுற்று இறுக்கி, மறுபடி மூடுங்கள். பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் தலையில் கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். ஆடக்கூடாது, இறங்கக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் இதைச் செய்கிறேன், பத்து நொடிதான்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். பல வண்டிகளுக்கு 30 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) அளவில் இருக்கும், உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். கைப்பம்பு போதும். பெட்ரோல் பங்கு காற்றுக் குழாயை வைத்தால் சின்ன டியூப் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறைந்து வெடித்துவிடும். ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் டயரை மாற்றிவிடுங்கள். பிறகு சமதரையில் காலி வண்டியை மெல்லத் தள்ளி விட்டுப் பாருங்கள். நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அதைச் சரிசெய்கிற திருகு பெரும்பாலும் இருக்கும். இழுக்கிற வண்டியோடு ஓடினால் முழு நேரமும் ஒரு கையால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள், மறுநாள் தோள் சொல்லும்.

முன்சக்கரம் சுழலும் வகை என்றால், ஓடும்போது கட்டாயம் பூட்டிவிடுங்கள். நடக்கும்போது சுழல்வது சௌகரியம். ஓடும்போது அதே சக்கரம் ஒரு கல்லில் பட்டுக் குறுக்கே திரும்பினால் வண்டி கவிழும். பூட்டிய சக்கரத்தோடு திரும்புவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்: வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை லேசாக அழுத்தினால் முன்சக்கரம் தரையிலிருந்து விரல் உயரம் எழும், அப்படியே திருப்பி இறக்கிவிடலாம். கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள். இவளை இறக்கிய மறுநொடி வண்டி மல்லாந்துவிடும். பை, தண்ணீர், எல்லாம் அடியில் இருக்கிற கூடையில்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து முனையும் ஒவ்வொரு முறையும், நூறு அடி போவதற்கும். தோள் பட்டை தோள் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ ஆரம்பிக்க வேண்டும். பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்புப் பிடிபடக் கூடாது. பருமனான மேல்சட்டை போட்டுவிட்டு அதன்மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், உள்ளே குழந்தை தளர்வாக இருக்கும். மெல்லிய உடையில் பெல்ட்டைப் போட்டு, அதற்கு மேல் போர்த்துங்கள். போர்வையின் நுனி சக்கரத்தில் சிக்காதபடி சொருகிவிடுங்கள். அவள் கையை எட்டிப்போட்டுச் சக்கரக் கம்பிகளைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள்.

மணிக்கட்டுப் பட்டை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்த விதம் இது. மூத்தவனுக்குப் பதினோரு மாதம் இருக்கும். ஒரு பாலத்தின் உச்சியில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. நின்றேன், குனிந்தேன். பிரேக்கை மிதித்ததாகத்தான் நினைப்பு. காலை வைத்தேன், அது பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது முடிச்சுப் போடும்போது இடது மணிக்கட்டு சுண்டி இழுக்கப்பட்டது. நிமிர்ந்தால் வண்டி பட்டையின் முழு நீளத்துக்குப் போய் நிற்கிறது, நான் ஒரு முட்டியில் தரையில் இருக்கிறேன். பட்டையை மாட்டாமல் ஓடுகிற நாள்களும் எனக்கு அப்போது உண்டு, அன்றைக்கு ஏதோ புத்தி, மாட்டியிருந்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மர வளையத்தைக் கடித்துக்கொண்டு எதிரே வந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்குகிற சரிவு, ஓடுகிறவருக்குப் பெரிய சரிவே இல்லை. அதில் நின்ற நிலையிலிருந்து உருளத் தொடங்கும் வண்டி, சக்கர உராய்வைக் கழித்தாலும், பத்து நொடியில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, கிட்டத்தட்ட 18 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். முதல் இரண்டு நொடியில் துரத்திப் பிடிக்கலாம், அதற்குப் பிறகு பிடிப்பது கஷ்டம். ஓடிக்கொண்டிருக்கும்போது கை விட்டால் இன்னும் மோசம், வண்டிக்கு ஏற்கெனவே உங்கள் வேகம் இருக்கிறது. தடுக்கி விழுவது யாருக்கும் நடக்கும். அந்த நேரத்தில் கை தானாகக் கைப்பிடியை விட்டுவிடும், மணிக்கட்டுப் பட்டை விடாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு. நின்றதும் பிரேக். மிதித்த பிறகு வண்டியை ஒருமுறை முன்னால் தள்ளிப் பார்ப்பேன், நகரக் கூடாது. அப்புறம்தான் பட்டையைக் கழற்றுவது, அதற்கும் அப்புறம்தான் குழந்தையின் பெல்ட். கிளம்பும்போது இதே வரிசை தலைகீழ். சமதரை போலத் தெரிகிற இடத்திலும் வண்டியைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்துவது என் பழக்கம், வீட்டில் சிரிப்பார்கள். இன்னொன்று: காலால் மிதிக்கும் பிரேக் நிறுத்தி வைப்பதற்கானது. ஓடுகிற வண்டியை அதை மிதித்து நிறுத்தப் பார்த்தால் பின்சக்கரம் திடீரென்று இறுகி வண்டி தூக்கிப்போடும். வேகத்தைக் குறைக்க உங்கள் கால்கள், அல்லது கைப்பிடி பிரேக்.

அடுத்தது ரோடு. கைப்பிடியிலிருந்து முன்சக்கரம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர், உங்கள் கை நீளத்தைச் சேர்த்தால் இன்னும் கூட. அதாவது நீங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே குழந்தை அங்கே போய்விட்டிருக்கும். தனியாக ஓடும்போது நிறுத்தியிருக்கும் வேன் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் குறுக்கே போவீர்கள் அல்லவா, வண்டியோடு அதைச் செய்தால் முதலில் நீள்வது அவள் கால்கள். அதோடு அவள் உட்கார்ந்திருக்கும் உயரம் ஒரு காரின் முன்மூடிக்குக் கீழே, ஓட்டுநருக்கு அவளைத் தெரியாது, உங்களை மட்டும்தான் தெரியும். அதனால் ரோட்டைக் கடக்க நிற்கும்போது வண்டியின் மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டாமல், ரோட்டுக்கு இணையாகத் திருப்பி நிறுத்துங்கள். வழி காலியானதும் திருப்பி, நடந்தே கடந்துவிடுங்கள். கேட்டுகள், கார் பின்னோக்கி வெளியே வரும் வாசல்கள், மதில் மூலைகள், இங்கெல்லாமும் நடைதான். இதை எல்லாம் யோசித்தால் பூங்காவிலோ, ஓடுதளத்திலோ, வாகனம் வராத பாதையிலோ சுற்றிச் சுற்றி ஓடுவதே மேல் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அலுப்புத்தான், ஆனால் மேல். வாகனப் புகைக்கும் அதுதான் பதில்: அவள் மூச்சு விடுகிற உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், புகைக்குழாய்க்குப் பக்கத்து வீடு.

காதில் பாட்டு வேண்டாம், ஒரு காதிலும் வேண்டாம். பின்னால் வரும் சைக்கிளைவிட, முன்னால் இருப்பவள் இருமுவதும் விக்குவதும் கேட்க வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர் என்றால் சங்கிலியை வண்டியில் கட்டாதீர்கள், ஒரு பூனை போதும் வண்டி கவிழ. வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஓடியே ஆக வேண்டும் என்றால் விளக்கை உங்கள் மார்பில் மட்டுமல்லாமல் வண்டியின் முன்னும் பக்கங்களிலும் மாட்டுங்கள்.

வெயிலும் குளிரும் நான் முதலில் சொன்ன அந்தத் தப்பின் அசல் வடிவம். ஓடும்போது உங்கள் உடம்பு ஒரு அடுப்பு. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு அந்தச் சூடு கிடையாது. மேலும் நீங்கள் மணிக்கு 9, 10 கிலோமீட்டரில் ஓடினால், காற்றே இல்லாத நாளிலும் அந்த வேகத்தில் ஒரு காற்று அவள் முகத்தில் நேராக அடித்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காலையில் உங்களுக்கு ஒரு சட்டை போதும் என்றால் அவளுக்கு இன்னும் ஒன்றிரண்டு அடுக்கு. வெயிலில் இதுவே புரண்டுவிடும்: உங்களுக்கு வியர்வை காய்ந்து குளிர்ச்சி கிடைக்கும், அவள் முதுகு சீட்டில் ஒட்டிக் காற்றுப் படாமல் வெந்துகொண்டிருக்கும். வெயில் படாமலிருக்க வண்டிமேல் துணியைப் போர்த்துகிறார்கள், மெல்லிய துணிதானே என்று. அது காற்றோட்டத்தை அடைத்து உள்ளே சூட்டைச் சேர்த்துவிடும், முகமும் தெரியாது. மேல்மூடியை இழுத்துவிடுங்கள், வேண்டுமானால் வண்டிக்கென்று வரும் வலைத்திரை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் காட்டவே வேண்டாம். அதற்குப் பிறகு வெளியே தெரிகிற தோலில் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீன். கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவை எப்போதும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை வையுங்கள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். அதிகச் சூடாக இருந்து அவளும் துவண்டு தெரிந்தால் நிழலுக்குப் போய் வண்டியிலிருந்து வெளியே எடுங்கள்.

ஓடுகிற முறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. தள்ளிக்கொண்டு ஓடினால் வேகம் குறையும், குறையட்டும். 2017-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வில் 16 பேரை 800 மீட்டர் ஓடவிட்டார்கள்: இரண்டு கையால் தள்ளி, ஒரு கையால் தள்ளி, தள்ளிவிட்டுத் துரத்திப் பிடித்து, பிறகு வண்டியே இல்லாமல். வண்டியோடு ஓடும்போது வேகமும் குறைந்தது, எட்டு வைக்கிற நீளமும் குறைந்தது. இதயத்துடிப்பு மட்டும் குறிப்பிடும்படி மாறவில்லை. அதே உழைப்பு, குறைந்த வேகம். எனக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடத்துக்கு மேல் கூடியது. கடிகாரத்தைப் பார்த்து நொந்துகொள்ள வேண்டாம், மூச்சை வைத்து ஓடுங்கள். தள்ளிவிட்டுத் துரத்துவதை ஆய்வுக்கூடத்துக்கே விட்டுவிடுவோம், குழந்தை இருக்கிற வண்டியைக் கையிலிருந்து விடுவது எனக்கு ஒப்பாது.

நேரான, சமமான பாதையில் ஒரு கை, மறு கை வீசட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். இறக்கத்திலும் திருப்பத்திலும் ஆள் நடமாட்டத்திலும் இரண்டு கை. கைப்பிடி தொப்புள் மட்டத்தில், முழங்கை மடிந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து ஓடுங்கள். கை நீட்டி இடுப்பு வளைந்து ஓடினால் முதுகு போச்சு. ஏற்றத்தில் எல்லாருக்கும் குனியத் தோன்றும். அங்கே எட்டைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்புவது பற்றி 2019-ல் இங்கிலாந்து பிசியோதெரபிஸ்ட்கள் வெளியிட்ட வழிகாட்டியில், எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 3 மாதத்துக்கு முன்பு வேண்டாம் என்றிருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஓடும்போது சிறுநீர் கசிவது, அடிவயிற்றில் எதோ இறங்குவது போல் கனப்பது, இடுப்பில் வலி, இதில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு, இடுப்புத் தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குபவை) பார்க்கிற பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். "குழந்தை பெற்றால் அப்படித்தான்" என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். இவள் ஆறு மாதம் தாண்டும்வரை தனியாக, வண்டி இல்லாமல், பத்து நிமிடம் பதினைந்து நிமிடம் என்று ஓடிப் பழகிக்கொண்டால், வண்டி சேரும்போது உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் புதிதாக இருக்காது.

முதல் ஓட்டங்கள் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பால் குடித்த கையோடு கிளம்ப வேண்டாம், கக்கிவிடுவாள். அழுதால் ஒருமுறை நின்று சமாதானம் செய்யுங்கள், மறுபடி அழுதால் திரும்பிவிடுங்கள். பந்தயங்களுக்கு இன்னும் நாளிருக்கிறது. கனடாவின் கேலம் நெஃப் 2016-ல் டொராண்டோவில் மகளைத் தள்ளிக்கொண்டே முழு மராத்தானை 2 மணி 31 நிமிடம் 21 நொடியில் முடித்தார், அது அவருக்கு. பல பந்தயங்களில் ஸ்ட்ரோலருக்கு அனுமதியே கிடையாது, கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

இந்த ஒன்றரை மாதத்தில் செய்ய ஒரு வேலை தருகிறேன். இவள் எடைக்குச் சமமாகத் தண்ணீர் கேன்களை எடுத்து சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டு, முன்சக்கரத்தைப் பூட்டி, மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு நாலைந்து நாள் ஓடுங்கள். திருப்பத்தில் முன்சக்கரத்தைத் தூக்குவது, இறக்கத்தில் பிடித்து இறங்குவது, திடீரென்று நிற்பது, பிரேக் போட்டுத் தள்ளிப் பார்ப்பது, எல்லாம் கேனோடு பழகட்டும். நடைபாதை விளிம்பில் ஏறும்போது கேன் எப்படித் துள்ளுகிறது என்று பார்த்தால், எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் இரண்டாவது பிள்ளைக்கு முன்பும் இதைச் செய்தேன். ஒரு பெரியவர் ஆசையாக எட்டிப் பார்த்துவிட்டு, கேனைக் கண்டு, என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.